உன் பதின்மூன்றாம் அத்தியாயம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவலில் இதுவரை எழுதி நீ அனுப்பிய 24 அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். முதல் தடவை கதைக்காக, இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னாய். அது ஒரு வார்த்தைக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. 12ஆம் அத்தியாயம் வரை கீழே வைக்க மனசு வரவில்லை. 13இல் கதை படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் நடை நன்றாகத்தான் இருக்கிறது, வசனம் இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் அடுத்த பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற சக்தி இல்லை.

காரணம் ஒன்றுதான். 13இல் நீ நாயகனின் மனசுக்குள் போய்விட்டாய்.

அதுவரைக்கும் நாயகி கண்ணில் பட்டது மட்டும்தான் நமக்கும் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில், மில்லுக்குள்ளேயே வீடு, இரண்டாம் தாரமாக வந்தவள். முதல் மனைவி கல்யாணமான இரண்டாம் வருஷமே கிணற்றில் பிணமாகக் கிடந்தவள். அதைப் பற்றி வாயே திறக்காத கணவன். ராத்திரி நாயகியின் அறையை வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். ரெக்கார்டு ரூம் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். இவன் கொலைகாரனா, காவல்காரனா என்று ஒவ்வொரு பக்கத்திலும் நான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். 13இல் அவன் பால்கனியில் நின்று, அவளைப் பார்த்த முதல் நாளிலிருந்தே தன் மனசு அவளிடம் போய்விட்டதாக நினைத்துப் பார்க்கிறான். இரண்டே பக்கம்தான். அவ்வளவு நாள் ஏற்றிவைத்த பயமெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் வடிந்துவிட்டது.

காதல் கதை படிக்கிறவர் மனசில் ஓடுகிற கேள்வி, இவன் மனசில் அவள் இருக்கிறாளா என்பது. சஸ்பென்ஸ் படிக்கிறவர் கேள்வி, இவன் மனசில் என்னதான் இருக்கிறது என்பது. இரண்டு வகையையும் சேர்த்து எழுதும்போது இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிற இடம் ஒன்றுதான், அவனுடைய மனசு. அந்தக் கதவை, மொத்தம் 45 அத்தியாயம் எழுதப்போகிற கதையில் நீ 13இலேயே திறந்துவிட்டால், காதலும் போச்சு, பயமும் போச்சு. மீதி 32 அத்தியாயத்துக்கு வெறும் மனஸ்தாபத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். 15, 17, 20 மூன்றிலும் ஒரே சண்டை, இடம்தான் வேறே.

ரொனால்டு நாக்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் நாவலும் எழுதியவர். 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அதில் முதல் விதி: குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், ஆனால் அவர் நினைப்பை வாசகர் கூடவே தொடர்ந்து வந்திருக்கக் கூடாது. வாசகர்களுக்கு இந்த விதி தெரியாது, ஆனால் பழக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஒருவன் மனசுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், 'சரி, இவன் இல்லை' என்று உடனே பட்டியலில் அடித்துவிடுவார்கள். அந்த விதியின் முன்பாதியையும் நீ மீறியிருக்கிறாய். உண்மையான குற்றவாளியான மாமா 19இல்தான் தலைகாட்டுகிறார். அவரை 2ஆம் அத்தியாயத்துக்குக் கொண்டு வா. கல்யாண வீட்டில் பந்தி பார்த்துக்கொண்டு, எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு திரியட்டும். புது மருமகளிடம் முதலில் அன்பாகப் பேசுகிறவரே அவராக இருக்கட்டும்.

நாயகன் பார்வையும் வேண்டும் என்று வாசகர்கள் கேட்கிறார்கள் என்பாய். கேட்பார்கள். இப்போதைய தொடர்களில் ஓர் எபிசோடு அவள் பார்வை, ஓர் எபிசோடு அவன் பார்வை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வெறும் காதல் கதைக்கு அது நன்றாகவே பொருந்தும். இரண்டு பேருக்கும் ஆசை இருக்கிறது, இரண்டு பேரும் சொல்லவில்லை என்று நமக்கு மட்டும் தெரிவதில் ஒரு சுகம் இருக்கிறது. கிணற்றில் பிணம் கிடந்த வீட்டுக்கு அது பொருந்தாது. அவன் பார்வையில் எழுதிக்கொண்டே முக்கியமானதை மட்டும் ஒளித்தால் அதைவிட மோசம். கடைசியில் வாசகர் திரும்பிப் பார்த்து, 'அன்றைக்கு அவன் தலைக்குள்ளேதானே இருந்தேன், அப்போது ஏன் இதை நினைக்கவில்லை' என்று கேட்பார். அதற்கு உன்னிடம் பதில் இருக்காது.

அவன் குரல் வேண்டுமென்றால் குரலாகவே கொடு. 'ப்ரைடு அண்டு ப்ரெஜுடிஸ்' 1813இல் வந்தது, 61 அத்தியாயம். 34இல் நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் காதலைச் சொல்லி மறுக்கப்படுகிறான், 35இல் ஒரு நீண்ட கடிதம் கொடுக்கிறான். 36 முழுக்க எலிசபெத் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, எது உண்மையாக இருக்கும் என்று எடைபோடுகிறாள். நினைப்பை ஆசிரியர் காட்டினால் அது சத்தியம். கடிதத்தில் ஒருவன் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம், அதனால் சந்தேகம் அப்படியே இருக்கும். உன் கதையில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஒன்று போதும். முதல் மனைவிக்கு அவன் அனுப்பியது, 47 விநாடி, நடுவில் மோட்டார் சத்தத்தில் இரண்டு வார்த்தை கேட்காமல் போகட்டும்.

எப்போது திறப்பது என்பதற்கு இரண்டு பழைய நாவல்களைக் கணக்குப் போட்டுப் பார். 1847இல் வந்த 'ஜேன் ஐர்' மொத்தம் 38 அத்தியாயம். கல்யாணம் சர்ச்சில் நின்றுபோய், நாயகன் ராச்செஸ்டர் மாடியில் அடைத்து வைத்த மனைவி வெளிப்படுவது 26இல். 1938இல் வந்த 'ரெபெக்கா' 27 அத்தியாயம். தான்தான் முதல் மனைவி ரெபெக்காவைச் சுட்டேன் என்று கணவன் சொல்வது 19இன் முடிவில். இரண்டுமே நூற்றுக்கு எழுபதுக்குப் பக்கத்தில் வருகிறது. உனக்கு 45 என்றால் 31 அல்லது 32. அதற்கு முன்னால் திறந்தால் பின்பகுதி தொங்கும். ரொம்பத் தள்ளி 43இல் திறந்தால், உண்மை தெரிந்த பிறகு அந்த இரண்டு பேரும் எப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் காட்ட இடமிருக்காது. அதைப் படிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

திறந்த கையோடு புதுக் கேள்வி ஒன்று எழ வேண்டும். 'ரெபெக்கா'வில் அதுவரைக்கும் 'இவன் இன்னும் அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறானா' என்ற கேள்வி. ஒப்புக்கொண்ட பிறகு 'இவன் மாட்டிக்கொள்வானா' என்பது கேள்வி. அந்த இடத்தைப் பொறுமையாகப் படி. பெயரே சொல்லப்படாத இரண்டாம் மனைவியிடம் கணவன் தான் கொலை செய்தவன் என்று சொல்கிறான். அவள் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: அவன் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை. அவள் மனசு லேசாகிவிடுகிறது. காதலுக்குக் கிடைத்த பதிலும் கொலைக்குக் கிடைத்த பதிலும் ஒரே உரையாடலில் வருகின்றன. அவள் நிம்மதியடைவதைப் படிக்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும். இயக்குநர் ஹிட்ச்காக் 1940இல் அதைப் படமாக எடுத்தபோது, கொலை செய்த கணவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்று அமெரிக்கத் தணிக்கை விதி இருந்தது. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். படம் நல்ல படம். ஆனால் விபத்தென்று ஆனதும் மனைவியின் நிம்மதியில் பாவம் ஏதும் இல்லாமல் போய்விட்டது. நாவலில் அந்தப் பாவம்தான் உயிர்.

அதே 1938 டிசம்பரில் இங்கிலாந்தில் 'கேஸ் லைட்' என்ற நாடகம் மேடையேறியது. அங்கேயும் கணவன்மேல் சந்தேகம்தான். மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அவளையே நம்பவைக்கிறான். அவன் வெளியே போனதாகச் சொல்லிவிட்டு மாடியில் யாரும் இல்லாத தளத்துக்குப் போய் விளக்கேற்றும்போது, ஒரே குழாயில் வருகிற எரிவாயு பங்கு போவதால் கீழே அவள் அறை விளக்கு மங்குகிறது. அவள் கண்ணால் பார்த்த ஒரு சங்கதி, அதற்கு ஒரு காரணம், அந்தக் காரணத்திலேயே அவன் குற்றம். தடயம் என்றால் இப்படி இருக்க வேண்டும். உன் 16இல் அவளுக்கு 'ஏதோ உள்ளுணர்வு' வருகிறதே, அதை எடுத்துவிடு. உள்ளுணர்வை வாசகரால் சரிபார்க்க முடியாது.

உன்னிடம் அருமையான தடயம் ஒன்று சும்மா கிடக்கிறது. 9இல் அவள் எடைமேடைச் சீட்டுகளை அடுக்குகிறாள், அதோடு விட்டுவிட்டாய். பஞ்சு பேல், அதாவது கட்டிய பொதி, ஒன்று ஏறக்குறைய 170 கிலோ. 60 பேல் வந்ததாகப் பதிவேட்டில் இருந்தால் 10,200 கிலோ காட்ட வேண்டும். சீட்டில் லோடு எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் 9,180தான் வருகிறது. அதாவது 54 பேல். ஒரு பேலுக்குச் சில கிலோ முன்னே பின்னே இருக்கும், அதற்காக ஆயிரம் கிலோ குறையாது. ஆறு பேல் மில்லுக்கு வராமலேயே காசாகியிருக்கிறது. முதல் மனைவியும் இதே சீட்டைத்தான் பார்த்தாள் என்று வை. உன் கதையில் இப்போது திருட்டு தனி, சாவு தனி, காதல் தனியாக ஓடுகிறது. இந்தச் சீட்டு மூன்றையும் கட்டிவிடும்.

அந்த 170 என்ற எண்ணை எங்கே சொல்வது என்பதில்தான் கைவேலை இருக்கிறது. 9இல் சொன்னால் வாசகர் உஷாராகிவிடுவார். 3இல், கல்யாணமான புதிதில் அவன் மில்லைச் சுற்றிக் காட்டும்போது சொல்லவிடு. அவள் ஒரு பேல்மேல் கை வைத்துப் பார்க்க, 'நூத்தி எழுபது கிலோ, நீயும் நானும் தள்ளினாக்கூட அசையாது' என்று அவன் சிரிக்கட்டும். வாசகர் 'நீயும் நானும்' என்பதைப் பிடித்துக்கொள்வார், எண் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். உணர்ச்சி வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் தடயத்தை வைத்தால் அது கண்ணில் பட்டும் நினைவில் மறைந்திருக்கும். 45 அத்தியாயத்துக்கு இப்படி ஐந்தாறு போதும். ஒவ்வொன்றும் இரண்டு தடவையாவது வர வேண்டும், இரண்டு வருகைக்கும் நடுவே நாலைந்து அத்தியாயம் இடைவெளி விடு.

தடயத்தோடு சேர்த்துத் தப்பான பதிலையும் கையில் கொடுக்க மறக்காதே. 'ஜேன் ஐர்' இதில் பெரிய பாடம். 11இல் மூன்றாவது மாடியில் சிரிப்புச் சத்தம். 15இல் ராச்செஸ்டர் படுக்கையில் தீ. 20இல் வந்த விருந்தாளிக்குக் கத்திக் காயம், பற்காயம். 25இல் கல்யாண முக்காடு கிழிபடுகிறது. நான்குக்கும் கிரேஸ் பூல் என்ற வேலைக்காரிதான் காரணம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அவள் குடிக்கிறாள், தனியாக இருக்கிறாள், பொருந்துகிறது. காரணமே சொல்லாமல் விட்டிருந்தால் நாம் தேட ஆரம்பித்திருப்போம். இன்னொன்றையும் கவனி. தீயை அணைத்த இரவில்தான் ராச்செஸ்டர் ஜேனின் கையைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் நிற்கிறான். காயத்துக்குக் கட்டுப்போட்ட அந்த விடியலில்தான் தோட்டத்தில் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசப் பார்க்கிறான். ஆபத்து ஒரு படி ஏறினால் நெருக்கமும் ஒரு படி ஏறுகிறது. உன் கதையில் பயக் காட்சிக்கு ஓர் அத்தியாயம், காதல் காட்சிக்கு வேறோர் அத்தியாயம் என்று பாத்தி கட்டியிருக்கிறாய்.

அவன் செய்கிற ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் படிக்க முடிகிறதா என்று பார். அறையைப் பூட்டுவது சரியாக அமைந்திருக்கிறது. சிறையாகவும் படிக்கலாம், காவலாகவும் படிக்கலாம். 11இல் அவன் அவளுடைய செல்போன் சிம்மை மாற்றுவதும் நன்றாக இருக்கிறது. 18இல் அவன் அவளைக் கன்னத்தில் அறைவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதை நான் கடுமையாகவே சொல்கிறேன். முரட்டு நாயகன் வருகிற ஆன்ட்டி ஹீரோ கதைக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் அறை விழுந்த நிமிஷத்தில் 'இவன் கொலைகாரனா' என்ற கேள்வி போய், 'இவள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறாள்' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் நிரபராதி என்று நீ எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் எனக்கு அக்கறை இல்லை. அடித்ததை நான் பார்த்துவிட்டேன். அவன் குறை, சொல்லாமல் மறைத்ததாக இருக்கட்டும். மறைத்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்கலாம், அவளும் நேரம் எடுத்துக்கொண்டு மன்னிக்கலாம்.

1932இல் வந்த 'பிஃபோர் தி ஃபாக்ட்' என்ற நாவலில் கணவன் நிஜமாகவே கொலைகாரன். மனைவி தெரிந்தே நஞ்சைக் குடிக்கிறாள். 1941இல் ஹிட்ச்காக் அதை 'சஸ்பிஷன்' என்று எடுத்தபோது முடிவில் அவனை நிரபராதி ஆக்கிவிட்டார்கள். அவன் பால் டம்ளரோடு இருட்டில் மாடிப்படி ஏறி வருகிற காட்சிக்கு, பாலுக்குள் சின்ன விளக்கை வைத்து ஒளிரவைத்தார் ஹிட்ச்காக். பால் கொண்டுவருவது அன்பு, அதுவே பயம். அந்தக் காட்சியை மட்டுமாவது பார். முடிவு எனக்குப் பிடிக்காது. அதுவரை காட்டிய எதுவும் அந்த முடிவுக்குச் சம்மதிக்கவில்லை. நிரபராதி என்று முடிக்கப்போகிறாய் என்றால் முதல் அத்தியாயத்திலிருந்தே அதற்கு இடம் விட்டு எழுத வேண்டும்.

நம் மாத நாவல்களை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். நடைக்கும் வேகத்துக்கும் எடுத்துக்கொள். ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, இவர்களிடையே வருகிற கேலியும் கொஞ்சலும் படிக்கச் சுகம். ஆனால் அங்கே காதல் துப்பறிகிறவர்கள் பக்கம் இருக்கிறது, குற்றம் வேறு யார் வீட்டிலோ நடக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் அந்த ஜோடிக்குள் சந்தேகம் வராது. உன் கதையில் காதலிக்கப்படுகிறவனே சந்தேகத்துக்குரியவன். அந்த மாதிரிக்கு ரமணிசந்திரன் பக்கம்தான் போக வேண்டும். அங்கே பிணம் இருக்காது, ஆனால் தப்பாகப் புரிந்துகொண்ட மனசும், நம்பலாமா கூடாதா என்ற தவிப்பும் இருக்கும்.

பயத்தை எப்படி நீட்டுவது என்பதற்குக் கல்கியைவிட நல்ல ஆசான் வேண்டாம். ஆதித்த கரிகாலன் சாவது 'பொன்னியின் செல்வ'னின் ஐந்தாம் பாகத்தில். நந்தினி மீன் சின்னம் பொறித்த வாளை வைத்துப் பூஜை செய்வது நமக்கு வெகு முன்பே தெரியும். அவன் கடம்பூருக்குக் கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்று நம் மனசு அடித்துக்கொள்ளும். அவனை இழுப்பதும் அவளே, அவன் பயமும் அவளே. ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்ன மேசைக்கடியில் குண்டு உதாரணமும் இதுதான்: தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, இருப்பது நமக்கு முன்பே தெரிந்தால் 15 நிமிஷம் தவிப்பு.

உன் 22இல் கிணற்றுப் பலகை திடீரென்று முறிகிறது. திடுக்கென்றது, அதோடு முடிந்தது. 21இலேயே, பம்ப் ஆபரேட்டர் கிணற்றுக்குப் போகிற கதவில் சாக்பீஸால் 'பலகை உளுத்துவிட்டது, ஏற வேண்டாம்' என்று எழுதிவைத்திருப்பதை அவள் போகிற போக்கில் பார்க்கட்டும். ராத்திரி மழை பெய்யட்டும். 22இல் அவள் ஓடி வரும்போது கதவில் எழுத்து இல்லை. அவள் பயத்தில் மறந்துவிட்டாள், நாம் மறக்கவில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை முதலில் அடை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும், பிரேதப் பரிசோதனையும் உண்டு. இவள் இறந்தது இரண்டாம் வருஷத்தில். உன் கதையில் போலீஸ் வந்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறது. தமிழ் வாசகர் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். விசாரணை நடந்தது என்றே வை. பெண்ணின் அப்பா அம்மாவிடம் வாங்கிய வாக்குமூலம், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பின் நகல் ரெக்கார்டு ரூமில் இருக்கட்டும். அவன் சாவியை விடாததற்கு அதுவே காரணமாகிவிடும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கிற சாவு என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று எழுதாதே, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் அது 194.

13இலிருந்து 24 வரை தூக்கிப் போட வேண்டியதில்லை. 13இல் அந்த இரண்டு பக்கத்தை வெட்டி, அதே பால்கனியை அவள் கீழே முற்றத்தில் நின்று பார்ப்பதாக மாற்று. அவன் யாரிடமோ போனில் பேசுகிறான், உதடு அசைவது மட்டும் தெரிகிறது. 15, 17, 20 மூன்றில் ஒரு சண்டையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டு அத்தியாயத்தையும் சீட்டுக்கும் வாய்ஸ் நோட்டுக்கும் கொடு. வெட்டிய இரண்டு பக்கத்தைப் பத்திரமாக வை, 32இல் அவன் வாயால் சொல்லவைக்கலாம்.

கடைசியாக ஒன்று. 22இல் அவள் கட்டியிருப்பது பச்சைப் புடவை. 24இல், அதே ராத்திரி, நீலம் என்று எழுதியிருக்கிறாய். குடும்பக் கதையில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த மாதிரிக் கதையில் புடவை மாறினால் நடுவில் என்னமோ நடந்திருக்கிறது என்று நான் நாலு பக்கம் பின்னால் போய்த் தேடினேன். பச்சையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா